ஒரு போகம் பொய்த்தால்

போர் முடிந்தபின் இலங்கையின் இருபத்தைந்து மாவட்டங்களையும் விடாமல் சேர்த்துக்கொண்ட முதலாவது வீட்டு வருமான செலவின ஆய்வு 2012/13இல் நடந்தது. நாட்டிலேயே வறியவர்கள் மிகக் கூடிய விகிதத்தில் வாழும் மாவட்டம் முல்லைத்தீவு என்று அது சொன்னது: 28.8 வீதம். நாட்டுக்கான வீதம் 6.7, கொழும்புக்கு 1.4. அடுத்த ஆய்வு 2016இல் வந்தது. முல்லைத்தீவு 12.7க்கு இறங்கியிருந்தது. முந்திய ஆய்வில் அதே 12.7இல் நின்ற கிளிநொச்சி 18.2க்கு ஏறி முதலிடத்தைப் பிடித்திருந்தது. 2019 ஆய்வுக்குத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வறுமைக்கோட்டையே திருத்தி வரைந்தது. புதிய கோட்டின்படி நாட்டுக்கு 14.3 வீதம், கொழும்புக்கு 2.3, மறுபடி முதலிடத்தில் முல்லைத்தீவு: 44.5 வீதம். இரண்டு பேரில் ஏறத்தாழ ஒருவர்.

இந்த இரண்டும் அடங்கிய வன்னியின் இன்னொரு மாவட்டமான வவுனியாவின் கதை முதல் இரண்டு ஆய்வுகளிலும் வேறு. 2012/13இல் அதன் வீதம் 3.4. 2016இல் 2.0. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் வவுனியாவைக் கொழும்புக்குப் பக்கத்தில் வைப்பார். ஒரே காடு, ஒரே மழை, ஒரே யுத்தம் கண்ட நிலப்பரப்பில் ஒரு மாவட்டம் தலைநகரை ஒட்டியும் அதற்கு வடக்கே உள்ள இரண்டு மாவட்டங்கள் அட்டவணையின் அடியிலும் நிற்பது எப்படி? அடியில் நிற்கும் இரண்டும் ஆய்வுக்கு ஆய்வு இடம் மாறிக்கொள்வது ஏன்? வாழ்க்கைத்தரத்தைப் பிரதேசத்துக்குப் பிரதேசம் ஒப்பிடும் வேலை இந்த இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வருமானத்துக்கு அப்பால் வாழ்வின் தரத்தை அளக்க வேண்டும் என்ற சிந்தனை உலகில் வேரூன்றியதில் இலங்கைக்குத் தனி இடம் உண்டு. மொறிஸ் டேவிட் மொறிஸ் 1979இல் எழுத்தறிவு, சிசு மரணம், ஒரு வயதில் எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு சுட்டெண்ணை வெளியிட்டபோது, குறைந்த வருமானத்திலும் உயர்ந்த நிலையில் நின்ற நாடுகளில் ஒன்று இலங்கை. அமர்த்தியா சென் 1980களின் தொடக்கத்தில் இலங்கையை எடுத்துக்காட்டாக வைத்தே பொதுச் செலவு மனித வாழ்வை எப்படி மாற்றுகிறது என்று வாதிட்டார். இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் அரிசிப் பங்கீடும் தந்த பெருமை அது. அந்தப் பெருமையில் பொய் இல்லை. ஆனால் அது ஒரு நாட்டின் சராசரி. அந்தச் சராசரிக்குள் வன்னி எங்கே நிற்கிறது என்று கேட்க நெடுங்காலம் எவரிடமும் எண் இருக்கவில்லை. 1981க்குப் பின் முழுமையான குடித்தொகை மதிப்பு 2012இல்தான் நடந்தது. 2001ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமை பெற்றது. 2006/07 செலவின ஆய்வில் வடமாகாணமே இல்லை. 2009/10 ஆய்வில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் இல்லை. நாட்டின் வறுமை வேகமாகக் குறைகிறது என்று அறிக்கைகள் வெளிவந்த அதே ஆண்டுகளில் நாட்டின் மிக வறிய மக்கள் கணக்குக்கு வெளியே, கூடாரங்களில் இருந்தார்கள்.

இனி வவுனியாவுக்கு வருவோம். ஏ9 வீதியும் மன்னார், ஹொறவப்பொத்தானை வீதிகளும் சந்திக்கும் நகரம் அது. யுத்த காலத்தில் நகரமும் அதன் தெற்கும் மேற்கும் பெரும்பாலும் அரச கட்டுப்பாட்டில் இருந்தன. கச்சேரி இயங்கியது, வங்கி திறந்தது, அரிசி ஆலைகள் ஓடின. வடக்கே போகும் ஒவ்வொரு மூட்டையும் இங்கே இறங்கி ஏறியது. தொண்டு நிறுவனங்களின் அலுவலகங்கள் வந்தன, அவற்றின் சம்பளமும் வாடகையும் ஊருக்குள் புரண்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமானது. மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் கூடிய இடத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே விழுபவர்கள் குறைவுதான்.

ஆனால் வவுனியா மாவட்டம் என்பது வவுனியா நகரம் மட்டுமா? நெடுங்கேணியை மையமாகக் கொண்ட வவுனியா வடக்கு, யுத்தத்தின் பெரும் பகுதியில் கட்டுப்பாட்டுக் கோட்டின் மறுபக்கம் இருந்தது. அங்குள்ள குடும்பத்தின் வாழ்வு முல்லைத்தீவின் ஒட்டுசுட்டானில் உள்ள குடும்பத்தின் வாழ்வோடு ஒத்துப்போகும் அளவுக்கு வவுனியா நகரத்துக் குடும்பத்தோடு ஒத்துப்போகாது. அங்கே யானை வேலி உடைத்து வருகிறது, காணிக்குள் போனால் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறது, பெரிய வைத்தியசாலைக்கு நீண்ட பஸ் பயணம். செட்டிகுளத்தில் 2009இல் மெனிக் பாம் முகாம் அமைந்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அதிலும் மற்ற முகாம்களிலும் அடைபட்டிருந்தார்கள். நகரத்தை அடுத்த பூந்தோட்டம் நலன்புரி நிலையத்தில் அதற்கும் முன்பே இடம்பெயர்ந்து வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். இந்தப் பகுதிகளின் மக்கள் எல்லோரையும் நகரத்துக் கடைக்காரரோடும் எழுதுநரோடும் ஆசிரியரோடும் சேர்த்துக் கூட்டி வகுத்தால் 2.0 கிடைக்கும். கூட்டலில் பிழை இல்லை. கிடைக்கும் விடைதான் எந்த ஊரையும் காட்டுவதில்லை.

இன்னும் ஒன்று: ஆய்வு வரைந்த கோட்டின் உயரம். 2016இல் தேசிய வறுமைக்கோடு ஆளுக்கு மாதம் 4,166 ரூபா, நாளொன்றுக்கு 139 ரூபா. நால்வர் உள்ள குடும்பம் மாதம் 17,000 ரூபா செலவிட்டால் அது வறிய குடும்பம் அல்ல. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலேயும் கீழேயும் ஏராளமான குடும்பங்கள் நெருங்கி நிற்கும் ஒரு மாவட்டத்தில், கூலி வேலை சில நாள் கூடினால் வீதம் இறங்கும், குறைந்தால் ஏறும். மன்னார் 2012/13இல் 20.1 வீதத்திலிருந்து 2016இல் 1.0க்கு இறங்கியதை மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்த விடிவாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நாடு முழுவதற்கும் 25,000 வீடுகளைத் தெரிந்தெடுக்கும் ஆய்வில் ஒரு சிறிய மாவட்டத்துக்குக் கிடைப்பது மிகச் சில கிராமங்கள். எந்தக் கிராமம் அகப்பட்டது என்பதும் எந்தப் பருவத்தில் கேட்டார்கள் என்பதும் விடையை ஆட்டிவைக்கும்.

பருவம் என்றதும் கிளிநொச்சிக்குப் போக வேண்டும். 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இதன் வாழ்வு இரணைமடுக் குளத்தோடு கட்டப்பட்டது. வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம், கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. அதன் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல். காலபோகம் மழையை நம்பியும் குளத்தை நம்பியும் விதைக்கப்படும், சிறுபோகம் முழுக்க முழுக்கக் குளத்து நீர்தான். பங்குனி, சித்திரையில் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிப்பார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் பெரும்பகுதி வயல் தரிசாகக் கிடக்கும். 2016 பிற்பகுதியில் தொடங்கிய வறட்சி 2017 முழுவதும் நீடித்தது. 2018 டிசம்பர் 21இல் கொட்டத் தொடங்கிய பெருமழையில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காலபோக நெல் நீரில் மூழ்கியது, வீடுகளும் மூழ்கின. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்துக்குத் தடை விதித்தது, அடுத்து வந்த காலபோகத்தில் விளைச்சல் விழுந்தது. அதன் பின்னால் 2022இன் நெருக்கடி, மண்ணெண்ணெய் வரிசை, டீசல் வரிசை. இப்படி அடிக்கு மேல் அடி விழும் இடத்தில் இந்த ஆண்டின் வருமானத்தை மட்டும் கேட்டுத் தரத்தை எழுதிவிட முடியாது.

வன்னியின் வாழ்க்கைத்தரத்தைத் தீர்மானிப்பது ஒரு குடும்பம் இன்று எந்தப் படியில் நிற்கிறது என்பதைவிட, ஒரு போகம் பொய்த்தால் அது எத்தனை படி கீழே விழும் என்பதே. கொழும்பிலோ கம்பஹாவிலோ ஓராண்டு வருமானம் குறைந்தால் தாங்கிப்பிடிக்க நகை, வங்கிச் சேமிப்பு, நிரந்தர வேலையில் உள்ள ஒரு சகோதரம், விற்கக்கூடிய உறுதிக்காணி என்று ஏதோ ஒன்று பல குடும்பங்களுக்கு இருக்கும். யாழ்ப்பாணத்தில் பலருக்கு வெளிநாட்டுக் காசு உண்டு. வன்னிக் குடும்பம் இவை எல்லாவற்றையும் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வழியெங்கும் விட்டுவிட்டு வந்தது. உழவு இயந்திரம், படகு, மாடு, நெல்மூட்டை, கழுத்துச் சங்கிலி, கடைசியில் மனிதர்கள். 2010இல் ஊருக்குத் திரும்பியபோது அது பூச்சியத்திலிருந்தும் தொடங்கவில்லை. காயம்பட்ட உடலோடும், திரும்பாத கணவனோடும் பிள்ளையோடும், காடுமண்டிய காணியோடும் தொடங்கியது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள், வவுனியாவிலும் அதே மாதம் தொடங்கியது. உழைக்க வேண்டிய வயதில் வீதியோரம் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கும் அந்த வாழ்வை எந்தச் செலவினப் படிவத்தில் எழுதுவது?

கிளிநொச்சிக்குள்ளேயே இன்னொரு பிளவு இருக்கிறது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய மக்கள் வன்னியின் வயல்களைக் கூலிக்கு உழுது காடு வெட்டி நிலமாக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது மேட்டுக்காணி, அதற்கும் பலரிடம் ஒழுங்கான அனுமதிப்பத்திரம் இல்லை. வாய்க்கால் பாயும் வயல் முந்திய குடியேற்றத் திட்டங்களில் வந்தவர்களிடமும் யாழ்ப்பாணத்தில் வசிக்கும் உரிமையாளர்களிடமும் இருக்கிறது. குளம் நிறைந்தால் வயற்காரருக்கு விளைச்சல், இவர்களுக்குச் சில வாரக் கூலி. அதிலும் இப்போது அறுவடை இயந்திரம் வந்து அந்தக் கூலியையும் குறைத்துவிட்டது. எங்கள் சமூகம் இதை உரக்கப் பேசுவதில்லை. வடக்கைத் தெற்கோடு ஒப்பிட்டு நியாயம் கேட்கும் நாம், வடக்குக்குள் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வை அதே குரலில் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தபோது அதைப் பிரதேசவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாத மனிதரின் அச்சம் அது. கடைசியில் யாழ்ப்பாணத்தின் குடிநீருக்காகத் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது.

முல்லைத்தீவு இன்னொரு வகை. 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பில் 2012இல் வாழ்ந்தவர்கள் 92 ஆயிரம் பேர் அளவில். கொழும்பு மாவட்டத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நிலம். இத்தனை நிலம் இருந்தும் நிலத்துக்கே சண்டை. காடு வனவளத் திணைக்களத்திடம், கரையோரத்தில் படைத்தளங்கள், தெற்கே மணலாறு மகாவலித் திட்டத்தின் கீழ். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாபிலவு மக்களும் இருந்தனர். அவர்கள் போய் இறங்கியது சொந்த ஊரில் அல்ல, சூரிபுரத்தில். நந்திக்கடலுக்கு அருகே தென்னையும் கிணறும் வயலும் இருந்த குடும்பங்கள் சிறு துண்டுக் காணிக்குள் அடங்கின. 2017இல் அவர்கள் தம் காணியில் இருந்த படைத்தளத்தின் வாசலில் கொட்டில் போட்டு அமர்ந்தார்கள். பிலக்குடியிருப்புக் காணி அந்த ஆண்டு மார்ச் 1இல் விடுபட்டது, கேப்பாபிலவின் மீதிக்காகப் போராட்டம் தொடர்ந்தது. கடலோரத்தில் கொக்கிளாய், நாயாறு பகுதிகளுக்குப் பருவத்துக்கு வரும் தென்பகுதிப் படகுகளும், வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிக்கும் முறையும், எல்லை தாண்டி வரும் இழுவைப்படகுகளும் உள்ளூர்க் கடற்றொழிலாளியின் வலையை வெறுமையாக்குகின்றன. அரசாங்கத்தின் எண்ணில் இவர் வறியவர். இவர் தன்னை வறியவர் என்று சொல்லமாட்டார், கடலும் காணியும் கைவிட்டுப் போனவர் என்றுதான் சொல்வார். இரண்டுக்கும் தேவைப்படும் மருந்து ஒன்றல்ல. முதலாவதற்கு நிவாரண அட்டை போதும், இரண்டாவதற்குக் காணி வேண்டும்.

வீட்டின் கதை தனியே சொல்லவேண்டியது. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் வடக்குக் கிழக்கில் ஏறத்தாழ 45,000 வீடுகளைக் கட்டவும் திருத்தவும் உதவியது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, பயனாளியே நின்று கட்ட வேண்டும். நல்ல திட்டம், தறப்பாளுக்குள் கிடந்தவர்களுக்குக் கல்வீடு தந்தது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கியதும் மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் ஏறின. 550 சதுர அடி வீட்டை முடிக்க ஐந்தரை இலட்சம் போதவில்லை. கூரைக்கும் கதவுக்கும் கடன் எடுத்தார்கள், மிச்ச நகையை அடைவு வைத்தார்கள். அதே ஆண்டுகளில் ஏ9 வீதி வழியே நிதி நிறுவனங்கள் வந்து சேர்ந்தன. மோட்டார் சைக்கிளுக்கும் உழவு இயந்திரத்துக்கும் லீசிங், பெண்களுக்குக் குழுக்கடன். வாராவாரம் கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒரு கடனைக் கட்ட அடுத்த கடன். வறட்சி வந்தது, வாராந்தத் தவணை நிற்கவில்லை.

இது வன்னிக்குள் மறைந்து கிடந்த துயரமாக இருக்கவில்லை. 2018இல் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, வறட்சி தாக்கிய மாவட்டங்களில் பெண்கள் பெற்று நிலுவையில் நின்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தீர்க்கும் என்று அறிவித்தார். ஆண்டு வட்டிக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பும் வந்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் இருந்ததை ஊகித்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு செப்ரெம்பரில் நாட்டுக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி நுண்கடன் பொறியைத் தனியே எடுத்துப் பேசினார்.

இங்கேதான் அளவுகோல் ஏமாற்றுகிறது. கல்வீடு, மின்சாரம், மலசலகூடம், மோட்டார் சைக்கிள், தொலைபேசி: இவை எல்லாம் வாழ்க்கைத்தரம் உயர்ந்ததற்கான அடையாளங்களாகப் பதிவாகின்றன. கடன் தவணைக்குள் நிற்கும் ஒரு வீட்டில் இவை ஒவ்வொன்றும் சுமையின் அடையாளமும்கூட. 2023இல் அரச நிவாரணத் திட்டமான சமுர்த்தியின் இடத்துக்கு வந்த அஸ்வெசும திட்டம் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களை வகுக்கிறது. வீட்டின் நிலையும் சொத்தும் அவற்றில் அடங்கும். நன்கொடையில் எழும்பிய சுவரைப் பார்த்து ‘இவர்கள் பரவாயில்லை’ என்று தீர்ப்பெழுதும் ஆபத்து அந்த முறையில் உள்ளது. இன்னொருவர் தந்த வீடு, தன் உழைப்பில் வந்த வீடு, கடனில் வந்த வீடு மூன்றையும் ஒரே கட்டத்தில் சரி போடுகிறோம்.

ரூபாவை விட்டு வேறு அளவுகோலை எடுத்தால் நாட்டின் வரைபடமே மாறிவிடும் என்பதற்கு மலையகம் சான்று. வறுமைக்கோட்டை வைத்து 2012/13இல் பார்த்தபோது நுவரெலியா தேசிய சராசரியை ஒட்டி நின்றது. கல்வி, சுகாதாரம், வாழ்விட வசதி ஆகிய மூன்று பரிமாணங்களைச் சேர்த்து 2019 தரவில் கணித்த பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணில் நாட்டில் 16 வீதத்தினர் வறியவர்கள், பெருந்தோட்டத் துறையிலோ பாதிக்கு மேற்பட்டோர். லயத்துக்குள் வாழும் குடும்பத்தின் கையில் மாதாமாதம் கூலி வருகிறது, காலடியில் ஒரு அடி நிலமும் சொந்தமில்லை. அங்கிருந்து விரட்டப்பட்டுக் கிளிநொச்சிக்கு வந்தவரின் நிலமின்மை இந்த இரண்டு வரைபடங்களையும் ஒன்றாக இணைக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் வன்னி என்றால் மலேரியா. குடிகள் பெருகாமல் காடு மூடியதற்கு அதுவும் காரணம். உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதும் வன்னிக்குள் இரத்தம் பரிசோதித்து மருந்து தெளித்த பொதுச் சுகாதார ஊழியர்கள் இதைச் சாதித்தார்கள். நுளம்புக்கு மாவட்ட எல்லை இல்லை என்பதால் முல்லைத்தீவைப் பின்னால் விட்டுவிட்டுக் கொழும்பு மட்டும் முன்னேற முடியவில்லை. தேவை எங்கே கூடுதலோ அங்கே கூடுதலாகச் செலவிட்டார்கள், இடைவெளி மூடியது. இதே மாவட்டங்களில் சிறுநீரக நோய் இன்று பரவிவருகிறது. வவுனியாவிலும் மணலாற்றிலும் தமிழ், சிங்கள விவசாயிகள் இருதரப்பும் அதற்குப் பலியாகிறார்கள். சுத்தமான குடிநீர்க் குழாய் எல்லாக் கிராமத்துக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை. மலேரியாவுக்குச் செய்ததை இதற்கும் செய்யலாம்.

மலேரியாவில் மூடிய இடைவெளி உற்பத்தியில் மூடவில்லை. கொழும்பு மாவட்டம் அடங்கிய மேல்மாகாணம் நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தருகிறது. வடமாகாணத்தின் பங்கு ஐந்து வீதத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. 2014இல் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியபோது சந்தையும் வேலையும் வரும் என்றார்கள். வந்தன, எதிர்த்திசையிலும் ஓடின. கிளிநொச்சி, முல்லைத்தீவு நெல் ஈரத்தோடு களத்திலேயே விற்கப்பட்டு வெளியே போகிறது, அரிசியாகத் திரும்பி வருகிறது. உலரவைக்கத் தளமும் சேமிக்கக் களஞ்சியமும் இருந்தால், கடன்காரர் வாசலில் நிற்காவிட்டால், விவசாயி இரண்டு மாதம் பொறுத்து நல்ல விலைக்கு விற்பார். ஆடைத் தொழிற்சாலைகள் இளம் பெண்களுக்கு மாதச் சம்பளம் தந்தன. அதைக் குறைத்து மதிப்பிடமாட்டேன், தவணை கட்டும் பல வீடுகளில் அந்தச் சம்பளம்தான் அடுப்பெரிக்கிறது. ஆனாலும் பிரதேசத்தின் சொந்த விளைபொருளில் எழாத தொழில், கட்டளை குறையும்போது முதலில் ஆட்குறைக்கும்.

இவற்றை அளக்கவும் வழி உண்டு. இந்தியாவின் தெலுங்கானாவிலும் மகாராஷ்டிராவிலும் சில கிராமங்களில் இக்ரிசாற் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1975 முதல் அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்பச் சென்று பார்த்து வந்திருக்கிறது. யார் வறுமைக்குள் விழுந்தார், யார் ஏறினார், ஒரு வறட்சியை எதை விற்றுக் கடந்தார் என்பதை அந்தத் தொடர் பதிவுதான் காட்டியது. வன்னிக்கும் அதுபோல் ஒன்று வேண்டும். யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்கள் இரண்டும் சேர்ந்தே அதைத் தொடங்கலாம். பூநகரி, கண்டாவளை, கரைதுறைப்பற்று, துணுக்காய், வவுனியா வடக்கு என்று பிரதேச செயலர் பிரிவுவாரியாகக் குடும்பங்களைத் தெரிந்து, ஒவ்வொரு போகம் முடிந்ததும் அதே வாசலுக்குப் போக வேண்டும். செலவைக் கேட்பதோடு யாருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி, எது அடைவில் இருக்கிறது, காணி எந்தப் பத்திரத்தில் யார் பெயரில் உள்ளது, வயலுக்கு வாய்க்கால் உண்டா, வைத்தியசாலைக்கு எத்தனை மணிநேரம், சென்ற நட்டத்தை எதை விற்று ஈடுசெய்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 2024 குடித்தொகை மதிப்பு புதிய வீட்டுப் பட்டியலைத் தந்திருக்கிறது. மாதிரியைத் தெரிந்தெடுக்க அதைவிட நல்ல தருணம் இனிப் பத்து ஆண்டுகளுக்கு வராது.